தொண்ணூற்றெட்டின் கேசட்

பாச்சை உருண்டை வாசனையோடு உன் பிஸ்கட் டின் நேற்றுக் காலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அக்கா. கொண்டுவந்தவள் உன் மகள். பின்னாலேயே அத்தான், உன் பழைய ரேடியோவைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் காரில் அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.

"அலமாரியைச் சுத்தம் பண்ணேன் மாமா. இதெல்லாம் உங்களுக்குத்தான் சேரணும்னு அப்பா சொல்றாரு" என்றாள் உன் மகள். அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் சொன்னாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும். "கீழ போடற பேரெல்லாம் நீங்களே எழுதிக் குடுங்க மாமா. எனக்குப் பாதிப் பேரத் தெரியல. ஒருத்தர்கூட விட்டுப் போயிரக் கூடாது."

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை என்னிடமா வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டின்னுக்குள் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் உன் கையெழுத்தில் ஒரு வருஷம். எட்டை எப்போதும் இரண்டு சுழியாகத்தான் போடுவாய். அந்த இரண்டு சுழி இருந்த ஒன்றை எடுத்ததும் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். அது தொண்ணூற்றெட்டு.

உன் முதல் சம்பளத்தில் அந்த ரேடியோவை வாங்கி வந்த நாளிலிருந்து நமக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வருஷத்துக்கு ஒரு கேசட். பாட்டு மட்டும் பதிவு செய்தால் அது எல்லாரும் செய்வது என்பாய். செய்தியில் நாலு வரி, ஒரு விளம்பரம், தீபாவளி நாடகத்தில் ஒரு சண்டை, தைப்பூசத்து நேரடி ஒலிபரப்பில் ஒரு நிமிஷம், எல்லாம் வேண்டும். நான் பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இப்ப அமுக்கு!" என்று நீ கத்துவாய். அந்தக் கத்தலும் எத்தனையோ பாட்டின் தலையில் பதிவாகியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் அப்பாவையும் உட்காரவைத்து முழு வருஷத்தையும் போட்டுக் கேட்போம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அந்த ஒரு மணி நேரம்தான்.

தொண்ணூற்றெட்டில் பொங்கல் முடிந்த கையோடு நீ அத்தானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாய். சீனப் பையன், அதுவும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அப்பா கத்துவார், சாமான் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள், "ரேடியோவையுமா தூக்கிட்டுப் போயிட்டா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டு வந்தார். அதில் கேசட் போட வழி கிடையாது. அதனால் அந்த வருஷத்துக்கு என்னிடம் கேசட் இல்லை.

என்ன வருஷம் அது! எனக்கு வேலை போயிற்று. எனக்கு மட்டுமா, பாதி ஊருக்குப் போயிற்று. அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லோரி வந்து நின்றால் வாளியோடு ஓடி, நாலு மாடி தூக்கி வர வேண்டும். இளஞ்சிவப்பு மினி பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாங்கில் புது விமான நிலையம் திறந்தார்கள். செப்டம்பரில் ஒரு பக்கம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி, மறுபக்கம் கோலாலம்பூர்த் தெருவெல்லாம் ஆட்சிக்கு எதிராகக் கூட்டமும் கோஷமும். சினிமாப் பாட்டு எப்போதும் போல எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் காதலித்துக்கொண்டிருந்தது. நம்ம ஊர்ப் பையன்கள் தமிழில் ராப் பாட ஆரம்பித்திருந்தார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இது பாட்டா, சண்டையாடா?" என்றார். நீ இருந்திருந்தால் அந்தக் கேள்வியையே பதிவு செய்திருப்பாய்.

தண்ணீர்ப் பஞ்சத்து நடுவில் அப்பாவுக்கு அறுபது வயது வந்தது. கொண்டாட்டம் எதுவும் வேண்டாம் என்றார். வானொலியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்தாவது சொல்லலாம் என்று, நிலையத்துக்கு அனுப்ப ஓர் அட்டை வாங்கி வந்து, முதல் வரியில் உன் பெயரையும் அத்தான் பெயரையும் எழுதினேன். எழுதிய கையோடு கீழே இறங்கிப் பொதுத் தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அப்பா பொறந்தநாளுக்கு ரேடியோல வாழ்த்து வருது. காலைல கேளு."

"என் பேரு இருக்குமாடா?"

"மொதப் பேரே உன் பேருதான்கா."

நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரு பேரச் சரியா எழுதுடா. ரேடியோல தப்பாப் படிச்சிரப் போறாங்க" என்றாய்.

நான் மேலே வந்தபோது அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ நாடகம். அதில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். அப்பா எழுந்து போய் பட்டெனப் பெட்டியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே பயந்தேன். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன். அதில் செந்தூல் அத்தை இருந்தார், அம்பாங் மாமா குடும்பம் இருந்தது, எதிர்வீட்டுக் கைக்குழந்தைகூட இருந்தது. நீ இல்லை.

பிறந்தநாளன்று காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். வாழ்த்து வரும் என்று அக்கம்பக்கத்தில் வேறு சொல்லி வைத்திருந்தார். அறிவிப்பாளர் பெண் இனிமையான குரலில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்துப் பாட்டையும் போட்டுவிட்டாள். அப்பா தலையை இன்னும் ரேடியோ பக்கமே சாய்த்து வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூத்தவ பேரு வரலையே?"

அந்த நொடியில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது விழுங்காததால் நான் பொய் சொன்னேன். "எழுதுனேன்பா. ரேடியோக்காரங்க விட்டுட்டாங்க போல."

"என்ன வேல பாக்கறானுங்க! இத்தன பேரப் படிக்கத் தெரியுது, எம்மவ பேரு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?" என்று திட்டிக்கொண்டே போய்ச் சட்டையைக் கழற்றினார். அதன் பிறகு சாகும்வரை அந்த நிகழ்ச்சியை அவர் கேட்கவில்லை.

மத்தியானம் உன்னைக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருந்திருக்கலாம். நீ கோபப்படவில்லை. "அப்பா எடுக்கச் சொல்லிட்டாரா?" என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல எனக்கு அங்கே ஒரு வாசல் திறந்துதான் இருந்தது.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான், அக்கா. இருபத்து நாலு வருஷத்துக்கு மேலாக என் தொண்டையில் கிடந்தது. நீ கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரத்தில்கூட இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை நர்ஸ் வந்தாள். இன்னொரு முறை யாரும் வரவில்லை, நான்தான் ஆரஞ்சுப் பழம் உரிக்கட்டுமா என்று கேட்டு மழுப்பிவிட்டேன்.

உன் மகள் பிறந்ததும் அப்பா கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் நீ என்னை "ரேடியோக்காரன்" என்று கூப்பிட ஆரம்பித்தாய். "பால்மாவு, பேம்பர்ஸ், பச்சை மொளகா. எதையும் விட்டுட்டு வராதடா, ரேடியோக்காரா." நான் ஓயாமல் பேசுவதற்காகச் சொல்கிறாய் என்று இளித்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

நேற்று அத்தான் ஒரு பென்சிலை விட்டு நாடாவை நிதானமாகச் சுற்றி இறுக்கி, கேசட்டைப் போட்டார். "நான் கேட்டாச்சு தம்பி. நீ கேளு லா" என்றார், தன் வழக்கமான 'லா'வோடு.

தண்ணீர் எந்தெந்த வட்டாரத்துக்கு எந்த நாளில் வரும் என்ற அறிவிப்பில் உன் தொண்ணூற்றெட்டு தொடங்கியது. பாதியில் வெட்டி ஒரு காதல் பாட்டு. மினி பஸ் செய்தி. அந்த ராப் பையன்கள். "இப்ப அமுக்கு" என்று எந்தப் பாட்டின் தலையிலும் யாரும் கத்தவில்லை. நீ தனியாகவே கேட்டு, தனியாகவே அமுக்கியிருக்கிறாய். உன் மகள் தரையில் சம்மணமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அறிவிப்பாளரின் குரல் வந்தது. செந்தூல் அத்தை, அம்பாங் மாமா, எதிர்வீட்டுக் குழந்தை. நான் எழுதிய வரிசை அப்படியே. கடைசிப் பெயர் முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்தது நீ.

அறிவிப்பாளரைப் போலவே குரலை மெதுவாக்கி, கொஞ்சம் நடுங்கி, "மேலும், கிள்ளானிலிருந்து அன்பு மகள், மருமகன்" என்றாய். மறுபடி டக். அடுத்த பாட்டு.

பெயரைக்கூட நீ சொல்லவில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது உன் மகள், "அம்மா ஏன் மாமா தனியா பேசறாங்க?" என்று கேட்டாள். உன்னிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னேன். அட்டையைக் கிழித்தது, அப்பாவிடம் சொன்ன பொய், உன்னிடம் சொன்ன 'ம்', எல்லாவற்றையும். "தாத்தா ஒண்ணும் பண்ணல, நான்தான் உங்கம்மா பேர எடுத்தேன்" என்றேன்.

அவள் தன் அப்பா பக்கம் திரும்பினாள். அத்தான்தான் பேசினார்.

"தெரியும் லா, தம்பி. அவளுக்கு எப்பவோ தெரியும்."

அப்பா பேத்தியைப் பார்க்க வந்த அன்றே தெரியுமாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரு பேரும் படிச்சானுங்கமா, உம்பேர மட்டும் விட்டுட்டானுங்க, அந்த ரேடியோக்காரனுங்க" என்று அப்பா உன்னிடமே புலம்பினாராம். நீ அத்தானை ஒரு பார்வை பார்த்தாயாம். பிறகு அப்பாவிடம், "ஆமாப்பா, அவங்க அப்படித்தான். விடுங்க" என்றாயாம்.

"நான் கோவப்பட்டேன் தம்பி. போன் போட்டு ஏசலாம்னு சொன்னேன். அவ சிரிக்கிறா. 'பாவம், பயந்திருப்பான்'னு சொல்றா. அப்பாகிட்ட சொல்லாத, அவன் மொகம் தொங்கிப் போயிரும்னு சொல்றா."

அப்பா போகும்வரை என் பொய்யை நீயும் சேர்ந்து சுமந்திருக்கிறாய். ரேடியோக்காரா, ரேடியோக்காரா என்று என் முகத்துக்கு நேரே எத்தனை தடவை சொன்னாய்! நான் ஒரு மடையன், கடைக்குப் போய் மிளகாய் வாங்கி வந்தேன். எனக்கு உன் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேனே. நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாயோ என்னவோ. அது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நீ விட்டுப்போனதாக நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்தக் கேசட்டோடு.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து நினைவஞ்சலிப் பட்டியலைப் போட்டோம். ஒவ்வொரு பெயராக யோசித்து, அடித்து, திருத்தி எழுதினேன். சுபாங் ஜெயாவில் இருக்கும் உன் சிநேகிதி முதல் அத்தானின் தங்கை பிள்ளைகள் வரை எல்லாரும் வந்துவிட்டார்கள். மூன்று முறை சரிபார்த்துவிட்டு உன் மகளிடம் நீட்டினேன்.

அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசிப் பெயரைப் படித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, குரலை மெதுவாக்கி, உன்னைப் போலவே, "மேலும், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அன்புத் தம்பி" என்று சொல்லியபடி எழுதினாள்.

"சரிதான மாமா? போட்டுரலாமா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.