சுருக்காத ஒரு படம்

30 டிசம்பர் 2004, சேலையூர்

இணையதளம் மூடிக்கொண்டுவிட்டது. கடல் அடித்துப் போட்டவர்களில் அடையாளம் தெரியாதவர்களின் படங்களை ஆஸ்பத்திரிகளில் கேட்டு வாங்கி, ஆபீஸ் தோழி ஷர்மிளாவும் நானும் போட்ட தளம். ஊரே திறந்து பார்த்ததில், சர்வரிலிருந்து மாதத்துக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்ற வரம்பு தீர்ந்துபோயிற்று. சர்வர் கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஒண்ணாந்தேதி தானா திறந்துடும் மேடம்." அதுவரை தேடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆண்டவரே, என்ன செய்வார்கள்?

1 ஜனவரி 2005

ஆராதனைக்குப் போகாத முதல் புத்தாண்டு. தளம் திறந்த அன்றே கால்வாசி வரம்பு காலி. படங்கள்தான் தின்கின்றன. எல்லாவற்றையும் முடிந்தமட்டும் சுருக்கினேன். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் முகம் தெரிகிறது. பக்கம் சட்டென்று திறக்கிறது.

3 ஜனவரி

தெருவுக்கு மீன் கொண்டுவரும் முனியம்மா அக்கா வந்தார். கூடை இல்லை. மகன் ஜெயவேலு நாகப்பட்டினத்துக்குப் படகு வேலைக்குப் போனவன், தகவலே இல்லை. தளத்தில் இருந்த படங்களை எல்லாம் காட்டினேன். முகங்கள் உப்பிப்போயிருந்தன. அக்கா கைகளை மட்டும் பார்த்தார்.

"என் பேர கையில பச்ச குத்திகினு கீறான் கண்ணு. இதுல ஒண்ணுத்துலயும் காணோம்."

பிள்ளை எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று தெம்பாகப் போனார். எனக்கும் நிம்மதி.

5 ஜனவரி

நாவலூர் போகும் ஆபீஸ் வண்டியில் படங்களைச் சுருக்கும்போது பார்த்த ஒரு கை திடீரென்று நினைவுக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு பச்சைக் கறை. போனதும் அசல் படத்தைத் திறந்தேன். கறை இல்லை, எழுத்து. முனியம்மா.

சுருக்கிச் சுருக்கி நான்தான் அழித்தேன். ஐயோ, என்ன பண்ணிட்டேன்? அழுக்குன்னு நினைச்சுட்டேனே. அந்தக்கா புள்ள வருவான்னு காத்துக்கிட்டு இருக்கும் — எப்படிப் போய் சொல்வேன்? சொல்லாம எப்படி இருப்பேன்?

6 ஜனவரி

ஷர்மிளா சர்வரில் ஒரு வசதியைப் போட்டுவிட்டாள். பெயர்ப் பட்டியல்களைச் சுருக்கி அனுப்புகிறது. பார்க்கிறவர் திரையில் ஓர் எழுத்தும் குறையாமல் விரிகின்றன. படங்கள் அப்படி விரிவதில்லை, சுருக்கியதில் போனது போனதுதான். பட்டியலில் சின்னப் படம், சொடுக்கினால் அசல் என்று மாற்றிவிட்டோம். வரம்புக்குள் நிற்கிறது. முதல் நாளே இதைச் செய்திருந்தால்?

7 ஜனவரி

சொல்லிவிட்டேன். அக்கா திரையில் தன் பெயரை விரலால் தடவினார். "அன்னிக்கு ஏன் கண்ணு இது தெர்ல?" நான் செய்ததைச் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தப் படம் தந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். பிணவறையில் மிஞ்சியவர்களை நேற்று முன்தினம்தான் புதைத்தார்களாம்.

26 பிப்ரவரி

இப்போது தளத்துக்கு யாரும் வருவதில்லை. ஆனால் ஜெயவேலுவின் அந்த ஒரு படம், அசல் அளவிலேயே, தினமும் சாயங்காலம் ஒருமுறை திறக்கப்படுவதாக சர்வர் பதிவு காட்டுகிறது. யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று தெருவில் முனியம்மா அக்காவின் மீன் கூவும் குரல். கடல் மீன் பிணங்களைத் தின்றிருக்கும் என்று எல்லோருக்கும் பயம், ஒரு கதவும் திறக்கவில்லை. நான் போனேன்.

"பிரவுசிங் சென்டர் சிட்டிபாபு தெனிக்கும் அந்தப் படத்த தொறந்து காட்றான் கண்ணு. தலையிலேர்ந்து மெள்ள மெள்ள வருது. கை வர நேரமாவுது. சின்னதாக்கிக் குடுக்கச் சொல்லுன்றான்."

"ஆக்கட்டுமாக்கா?"

"வேணாம். மெள்ளவே வரட்டும்."

அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன்.