லேப்டாப்பில் குடியிருந்தவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

புது லேப்டாப்பில் விளையாட்டு, வானிலை, வைரஸ் தடுப்பு என்று ஏழெட்டு சாஃப்ட்வேர்கள் எனக்கு முன்பே குடியேறியிருந்தன. ஒன்றை நீக்கினால் "நிச்சயமாகவா?" என்று மூன்று முறை கேட்டு உயிரை வாங்கியது. எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்துத் தொலைத்ததில், கேமராவை இயக்கும் சாஃப்ட்வேரும் சேர்ந்து போய்விட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் குரல் மட்டும் கேட்டது. "மொகத்தக் காட்ட மாட்டேங்கிறாளே, எளச்சுப் போயிட்டாளோ!" என்று அம்மா அழுதாளே, சத்தியமாக அப்படியெல்லாம் இல்லை. கடைக்காரர் நேற்று சரிசெய்துவிட்டார்.

இந்த ஞாயிறு நீங்களும் போனைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள். போன முறை முழுக்க நம் வீட்டு மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

டூட்டிக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்