பன்னீருக்கு ஐஸ்

மே 12, திங்கள்

காலை ஆறு மணிக்கே வியர்வை. தொட்டித் தண்ணீர் 27 டிகிரி. இருபதைத் தாண்டக் கூடாதாம். நாலு பாட்டில் தண்ணீரை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். 23. ஒரு மணி நேரம்தான், மறுபடி ஏறிவிட்டது.

பன்னீர் மூன்றாவது நாளாகச் சாப்பிடவில்லை. மண்புழுவை வாயருகே காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது.

தங்கச்சி ரெஜினாவும் சாப்பிடவில்லை.

அவள் வீட்டுக்காரர் அந்தோணி தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து போன். அங்கே கடையை விட்டு வர முடியவில்லை. "மதினி, அவ பேசுதாளா?"

"பன்னீர்கிட்ட பேசுதா." வேறென்ன சொல்ல.

சென்னை ஆஸ்பத்திரியில் அவர்கள் குழந்தை பிறந்து இறந்து ஐந்து மாதம். திரும்பும்போது தெர்மாகோல் பெட்டியில் பன்னீரை வாங்கி வந்தவர் அந்தோணிதான். வெளிர் ரோஜா நிறம், நாலு குட்டிக் கால், கழுத்தோரம் இறகு மாதிரிச் செவுள். சாலமாண்டராம். எதையாவது கவனித்துக்கொண்டிருந்தால் தேறுவாள் என்று நினைத்தார். என் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதனிடம் மட்டும்தான் பேசுகிறாள். என்னிடம் 'ம்', 'வேண்டாம்'.

போர்ட் பிளேயர் வெயிலில் வளர்க்கிற பிராணி இல்லை என்று இதை விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் பாட்டிலெல்லாம் வெறும் தண்ணீர். என் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் பின்னால் மீனுக்கு ஐஸ் விற்கிற பெங்காலிக்காரரிடம் ஓடினேன். "பர்ஃப் நஹி, தீதி. லைட் நஹி." கரண்ட் இல்லாமல் அவருக்கு மட்டும் ஐஸ் எங்கிருந்து?

திரும்பி வந்து உட்கார்ந்தால் வரிசையில் ஒருவர் கத்துகிறார். தப்பான தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

மாலை, தொட்டி 29. செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளை. பூஞ்சை.

செய்ய:
- குழாய்த் தண்ணீர் நேராக ஊற்றாதே, பிளீச்சிங் வாடை. வாளியில் ஒரு நாள் வைத்து.
- பூஞ்சைக்குக் காய்ந்த பாதாம் இலை, கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்து.
- கால்நடை டாக்டர்.
- ரெஜினாவை இரண்டு வாயாவது சாப்பிடவைக்க.

மே 14, புதன்

டாக்டர் போட்டோ பார்த்தார். "மேடம், யே மச்லி ஹை யா சிப்கலி?" மீனா பல்லியா என்று கேட்கிறவரிடம் என்ன மருந்து கேட்பது? ஆனாலும் நல்ல மனிதர். மெயின்லேண்டில் யாரிடமோ விசாரித்துவிட்டு மதியம் அவரே கூப்பிட்டார். டப்பா மூடியில் ஓட்டை போட்டு, ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் வை, தினமும் தண்ணீர் மாற்று.

பால், மீன், மாவு எல்லாம் வெளியே. பன்னீரைத் தூக்கக் கையை விட்டேன்.

"கையால புடிக்காதக்கா. தோலு உரிஞ்சிரும். டப்பாவ உள்ள முக்கி எடு."

என்னிடம் இத்தனை வார்த்தை அவள் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாள்! ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "கதவ மூடுக்கா, குளிரு போவுது."

மே 15, வியாழன்

பூஞ்சை கொஞ்சம் குறைந்த மாதிரி. குறைய வேண்டும் என்று நான் நினைப்பதால் அப்படித் தெரிகிறதோ என்னவோ. புழு தின்னவில்லை.

மாவு புளித்துப் பொங்கிவிட்டது. புழுக்கம். ஒரு சொட்டு மழை இல்லை.

கோயிலில் மாதாவிடம் கேட்டேன், ஒரு பிராணிக்காக. வெட்கமாக இல்லை. இது செத்தால் அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமலே, இதே மாதிரி இன்னொன்றை வரவழைத்து மாற்றி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கேவலம்தான். யோசித்தேன்.

மே 16, வெள்ளி

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். ஃப்ரிட்ஜில் டப்பா இல்லை. வீட்டுக்குப் பின்னால் ரெஜினா உட்கார்ந்திருந்தாள், கையெல்லாம் மண்.

"காலையிலயே போயிட்டுக்கா."

"ஏம்ட்டி சொல்லல?"

"டூட்டிக்குக் கிளம்பிட்டிருந்த. சொன்னா அழுவ."

அழுதேன். மண் கையோடு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டையெல்லாம் மண். பிறகு கை கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். பாதி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே:

"பாப்பாவ எங்கக்கா பொதச்சிய?"

அன்றைக்கு அவள் நினைவில்லாமல் ஐசியுவில் கிடந்தாள். புதைக்கப் போனது நானும் அந்தோணியும்தான். அவள் கேட்கவில்லை என்று நாங்களும் சொல்லாமலே இருந்துவிட்டோம்.

சொன்னேன். அங்கே சென்னையிலேயே, கல்லறைத் தோட்டத்தில் மேற்கு மதிலோரம், கடைசி வரிசை. மஞ்சள் சட்டை போட்டோம். தலை நிறைய முடி.

"யாரு மாதிரி இருந்தா?"

"உன்ன மாதிரி."

நாலு மணிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் டூட்டிக்குத் திரும்பப் போகவில்லை.