மருத்துவப் பட்டதாரியா, மற்றவரா

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிபி திட்டக் களப்பணிக்கு வெள்ளிமலை பஸ். மடியில் சளிச் சாம்பிள் எடுக்கும் பெட்டி. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது.

பக்கத்து சீட் அம்மா: "ஐஸ் பொட்டியாம்மா? மீனா?"

"இல்லீங்க. டிபி டெஸ்ட்டுக்குச் சளி எடுக்குறது."

அதற்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தே வந்தார்.

சென்னைக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன், கிடைத்தது. பொது சுகாதார முதுகலைக்கு விண்ணப்பம் ஆரம்பமாகிவிட்டது. அதில் ஒரு கேள்வி: மருத்துவப் பட்டதாரியா, மற்றவரா? கிர்கிஸ்தானில் எம்.பி.பி.எஸ். முடித்தவள், இங்கே தகுதித் தேர்வு இன்னும் பாஸாகவில்லை, கவுன்சிலில் பதிவு இல்லை, எதைப் போடுவது என்று கேட்டேன்.

"பதிவு நம்பர் இல்லன்னா மற்றவர்லதாம்மா வரும். தப்பா நெனச்சுக்காதீங்க."

நல்லவிதமாகத்தான் சொன்னார். பனியில் ஆறு வருடம், பிணவறை, ரஷ்ய மொழி, எல்லாம் சேர்த்து மற்றவர்.

அத்தாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. தன் செருப்புக் கடைக்குப் பக்கத்து அறையை மகளின் கிளினிக்குக்கென்று பூட்டியே வைத்திருக்கிறார். ஜூலைத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருப்பதாக அவர் நினைப்பு.

மே 14, புதன்

சங்கராபுரம். நோட்டரி வக்கீல். மார்க் ஷீட்டின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கையெழுத்து வேண்டும். ஒரிஜினலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா எழுத்துங்க இது? பாதி இங்கிலீஷ் மாரி கீது, பாதி கண்ணாடில பாத்த மாரி கீது."

"ரஷ்ய எழுத்துங்க."

"நல்ல மார்க்குதானா?"

"நல்ல மார்க்குதாங்க."

அதைக் கேட்ட பிறகுதான் முத்திரை குத்தினார்.

பரிந்துரைக் கடிதம்: வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கவிதாவிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சம். அவருக்கும் என் வயதுதான்.

வெயிலில் வந்து மோர் குடித்ததும் தலைவலி.

மே 19, திங்கள்

மலையில் நேற்று நல்ல மழையாம். பாதை முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே. டிபி மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியவர் இங்கேதான் இருக்கிறார். மறுபடி சாப்பிட ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது அவர் மருமகள் வெள்ளையம்மா வாசலில் நிறுத்தினாள்.

"டாக்டரம்மா, பக்கத்து வூட்டுப் புள்ளைக்குக் கண்ணு மஞ்சளா கீது. ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க."

"நான் ஊசி போடக் கூடாதுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"டாக்டருன்னாங்களே?"

"படிச்சிருக்கேன். இங்க போட அனுமதி இல்ல."

"செரி, வந்து பாருங்க" என்றாள்.

மஞ்சள் காமாலைதான். அந்தப் பையன் மட்டுமில்லை. எதிர் வீட்டில் ஒருவர், கோடியில் இரண்டு பேர். எல்லாரும் வேர் அரைத்துக் குடித்துக்கொண்டு, உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு. யாரும் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

டாக்டர் கவிதாவுக்குப் போன். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று பேசினேன். "வீடு வீடா விசாரிச்சு எனக்கு எழுதிக் கொடு நஸ்ரீன். டீமை அனுப்புறேன்" என்றார்.

மே 20, செவ்வாய்

நாள் முழுக்க வீடு வீடாக. வெள்ளையம்மா கூடவே வந்தாள். அவள் இல்லையென்றால் பாதி வீட்டில் கதவு திறந்திருக்காது.

கேட்டவை: யாருக்கு, எப்போதிலிருந்து, குடிதண்ணீர் எங்கே. சாம்பிள் தாளின் பின்பக்கம் ஊரை வரைந்தேன். காமாலை வந்த வீடுகளுக்குப் பெருக்கல் குறி.

மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கும் பக்கம்தான் குறிகள் அத்தனையும். ஊற்றுத் தண்ணீர் எடுக்கும் மேட்டுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. குழாய்ப் பக்கத்திலேயே ஒரு வீடு மட்டும் தப்பியிருந்தது. அங்கே மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் எல்லாருக்குமே கொதிக்க வைத்த தண்ணீர்தானாம்.

சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பேர் படுத்துக் கிடக்கையில் சந்தோஷமா என்று உடனே வெட்கம்.

கடைசி வீட்டில் பொன்னி. வயிற்றில் ஏழு மாதம். கண்ணில் மஞ்சள். அதோடு சந்தோஷம் போயிற்று. கர்ப்பத்தில் இந்தக் காமாலை ஆளையே கொண்டுபோய்விடும்.

பொன்னியின் மாமியார்: "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்மா. இறங்கிடும்."

"மத்தவங்களுக்கு இறங்கிடுங்க. மாசமா இருக்கறவங்களுக்கு அப்படி இல்ல. இன்னிக்கே கீழ போவணும்."

"நாளைக்குப் பாக்கலாம்."

வெளியே வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறம் காலியானதும், "நீ கூட வருவியா?" என்றார்.

"வரேன்."

ஆம்புலன்ஸில் மலை இறங்கும்வரை பொன்னி என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் வாந்தி.

மே 23, வெள்ளி

டாக்டர் கவிதா தானே ஊருக்கு வந்தார். குழாய் போகும் வழியில் நடந்தோம். ஊர்க் கழிவும் சேர்ந்து, மாடுகள் நின்று குழம்பிக் கிடந்த ஒரு பள்ளம். குழாய் அதற்குள் உடைந்து கிடக்கிறது. தொட்டியில் குளோரின் போட்டாயிற்று. தண்ணீர்ச் சாம்பிள் சோதனைக்குக் கீழே போயிற்று. குழாயை மாற்ற ஊராட்சிக்குச் சொல்லியிருக்கிறார். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

திரும்பும் வழியில் கடிதம் கேட்டேன்.

"இத முன்னாடியே கேக்கறதுக்கு என்ன? உன் வரைபடத்தையே கடிதத்தோட வெச்சு அனுப்பலாம்" என்றார்.

மே 27, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. பொன்னி பிழைத்துக்கொண்டாள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

மஞ்சள் குறைந்திருக்கிறது. முகம் ஊதிப்போய். "பொம்பளப் புள்ளயாங்க. எனுக்குக் காட்டல" என்றாள். தலையை வாரிவிட்டேன். சிக்கு நிறைய.

மாமியார் வராந்தாவில் என் கையைப் பிடித்து, "இன்னும் ஒரு நாள் கயிச்சு வந்திருந்தா இவளும் இல்லன்னாங்க" என்றார். அழவில்லை.

ஒரு வாரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என்ற கணக்குத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்த முடியவில்லை.

மே 31, சனி

விண்ணப்பக் கட்டுரை. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் வரைவில் பொன்னி இருந்தாள். நன்றாகவே வந்திருந்தது. படித்தால் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதனாலேயே அடித்துவிட்டேன். அந்தக் குழந்தையைக் காட்டி எனக்கு சீட் வேண்டாம். உடைந்த குழாயையும் தப்பிய வீட்டையும் மட்டும் எழுதினேன். வறட்சியாக இருக்கிறது. இருக்கட்டும்.

"மற்றவர்" என்பதில் டிக். அனுப்பியாயிற்று.

ஜூன் 1, ஞாயிறு

அத்தாவிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு டீக்கு வந்திருந்தார். அம்மா முறுக்குத் தட்டோடு நின்றுவிட்டார்.

"இந்தத் தடவ பரிட்ச எழுதல அத்தா."

"ஏன், ஒடம்பு செரியில்லயா?"

"வேற படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கேன். பொது சுகாதாரம். சென்னைல."

"அத முடிச்சா டாக்டரா?"

"இல்ல."

"பின்ன இன்னா பண்ணுவ?"

மலை ஊரின் காமாலையைச் சொன்னேன். குழாய், வரைபடம், எல்லாம். முழுக்கக் கேட்டார்.

"கொழா ஒடஞ்சிதுன்னு கண்டுபுடிக்கவா உன்ன அவ்ளோ தூரம் அனுப்பினேன்?"

டீயைக் குடிக்காமல் கடைக்குப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டதுபோல் கேட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பக்ரீத் நேற்று முடிந்தது. அத்தா தொழுகைக்கு முன்னும் பின்னும் எல்லாரிடமும் பேசினார், என்னிடம் மட்டும் இல்லை. ஒரு வாரமாக இப்படித்தான்.

இன்று மணலூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முன்பே பேசிவைத்தது. ஜவுளிக் கடைக்காரர்கள், மாப்பிள்ளை துபாயில். டாக்டர் பெண் என்பதால்தான் வருகிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் உள் அறையில். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா: "கிளினிக் எப்பங்க தொறக்கறீங்க?"

அத்தா "இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் அதைத்தான் சொல்லி வந்தார்.

"தொறக்கலீங்க. எம்மக அந்தப் பரிட்ச பாஸாவல. இனிமே எழுதப் போறதும் இல்ல. வேற படிப்பு படிக்கப் போவுது."

பீங்கான் தட்டு வைக்கும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இன்னா படிப்புங்க?"

"அது எனுக்கு முழுசா வெளங்கலீங்க. ஆனா எம்மக வெளங்கித்தான் படிக்கப் போவுது."

மரியாதையாக பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். போன் வராது. அம்மா அடுப்படியில் அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தார்.

"ஏன் அத்தா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மறச்சு முடிச்சா நாளைக்கு அந்த வூட்ல ஒக்காந்து பதில் சொல்லப் போறது நானா? நீதான."

பேச ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

நேர்காணல், ஆன்லைனில். மூன்று பேர். மின்சாரம் போகுமோ என்று பயந்தேன், போகவில்லை. மிக்ஸியைத் தொடக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.

நடுவில் இருந்தவர் நேராகக் கேட்டார்: "தேர்வுல தோத்ததாலதானே இங்க வர்றீங்க?"

இதற்கு ஒரு பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

"ஆரம்பத்துல ஆமா சார். வேற வழி இல்லாமதான் மலைல இந்த வேலைக்குச் சேர்ந்தேன். இப்ப அந்தப் பரிட்ச பாஸானாலும் இதுக்குத்தான் வருவேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மையார் அந்தத் தப்பிய வீட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கொதிக்க வைத்ததுதான் காரணம் என்று எப்படித் தெரியும், வேறு காரணம் இருந்திருந்தால்? எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நானே திருப்பிக் கேட்டுவிட்டேன். சிரித்தார். போச்சு என்று நினைத்தேன்.

முடிந்ததும் நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது பக்கத்தில் ஆறிப்போன போண்டா.

ஜூன் 30, திங்கள்

மலையில் தூறல். புதுக் குழாய் போட்டுவிட்டார்கள். இந்த மாதம் புதிதாக யாருக்கும் மஞ்சள் இல்லை. பொன்னி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். பார்க்க முடியவில்லை.

பஸ் கரியாலூரில் நிற்கும்போது மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். பஸ்ஸில் சொல்ல ஆள் இல்லை. கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோது, "தேங்க்ஸ் அண்ணே" என்று ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். விநோதமாகப் பார்த்தார்.

நேராகக் கடைக்குப் போனேன். அத்தா ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். "செரி" என்றார். பக்கத்து அறை திறந்திருந்தது. செருப்புப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிவிட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

சென்னை. புழுக்கம். விடுதி அறையில் ஃபேன் ஒரே வேகம்தான். வகுப்பில் பல் டாக்டர்கள், நர்ஸுகள், ஒரு கால்நடை டாக்டர். எனக்குப் புள்ளியியல் தலையில் ஏறவில்லை. துணி காயவில்லை.

சாயங்காலம் அத்தா போன். எப்போதும் அம்மாதான் பேசுவார், இவர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். இன்று அவரே.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தா. இன்னா விஷயம்?"

"நம்ம தெருவுல டைலர் மவனுக்குக் காய்ச்சல். அடுத்த வூட்டம்மாவுக்கும். இன்னிக்கு டீக்கடைக்காரரும் படுத்துட்டாரு. எல்லாம் ஒரே பக்கமா கீது."

புள்ளியியல் நோட்டை மூடினேன்.

"இது உன் படிப்புதான?"

"ஆமா அத்தா."

"யாருகிட்ட போயி சொல்லணும்?"

"நகராட்சில சுகாதார ஆய்வாளர் இருப்பாரு. அதுக்கு முன்ன, யார் யாருக்கு, என்னிக்கு ஆரம்பிச்சிது, வூட்டுல தண்ணி எங்கெங்க தேங்கி நிக்குதுன்னு..."

"எல்லா வூட்லயும் கேட்டுட்டு வந்துட்டேன். சொல்றேன், எழுதிக்கோ."