பீர் ஊற்றவும் ஒரு லைசன்ஸ்

பிப்ரவரி 3, திங்கள்

பீர்க்குழாய் உறைந்து காலையிலேயே உயிரை வாங்கியது. விஸ்கான்சின் குளிருக்கு ஒரு கும்பிடு.

அடுத்த வாரம் தலைநகரில் சட்டமன்றக் குழு முன்னால் பேச வேண்டும். கைத்துப்பாக்கிக்குப் பணம் கட்டியவன் மூன்று நாள் கழித்துத்தான் அதை எடுத்துப் போகலாம் என்கிற மசோதா, அதை ஆதரித்து. நான் மதுக்கடைக்காரி, எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். பீர் ஊற்றுவதற்கு வகுப்பில் உட்கார்ந்து லைசன்ஸ் வாங்கியிருக்கிறேன். தள்ளாடுகிறவனுக்கு ஊற்றினால் அபராதம். என் கடைக்கு எதிரே அண்ணன் வெர்ன் துப்பாக்கி விற்கிறான். வருகிறவனின் பெயரைச் சரிபார்க்க அவன் அரசாங்கத்துக்கு ஒரு போன் போட வேண்டும். சரி என்று பதில் வந்தால் துப்பாக்கி கைக்கு வந்துவிடும்.

இதைச் சொன்னால் போதாதா? போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மீன் வறுவல் நாள், கூட்டம் நெரிந்தது. பேசப் போவதைக் கவுன்டரிலேயே ஒத்திகை பார்த்தேன்.

"கார் ஓட்ட லைசன்ஸ் வேணும்ல?" என்றேன்.

"துப்பாக்கி உரிமை அரசியல் சாசனத்துல இருக்கு, காரைப் பத்தி எழுதலையே!" ஒரே குரலில் மூன்று பேர். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

"மான் வேட்டைக்கு ஆரஞ்சு சட்டை போடணும்னு சட்டம் இருக்கே, அதுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க?"

"அது மானுக்காக இல்ல, தாயே. நாங்க ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கக் கூடாதுன்னு."

"நானும் அதைத்தானேய்யா சொல்றேன்!"

கடையே சிரித்தது. அந்த நேரம் பார்த்து வெர்ன் உள்ளே வந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "உன் கடையில குடிச்சவன் எத்தனை பேர் காரை மரத்துல விட்டிருக்கான்? நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?" என்றான். மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

என் நாக்கு நுனியில் கர்ட்டின் பெயர் இருந்தது. சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 8

எழுதியாவது வைக்கிறேன். கர்ட் வெர்னோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன். போன டிசம்பரில், மனைவி பிரிந்து போன வாரம், பட்டப்பகலில் பிராந்தி கேட்டு வந்தான். ஏற்கெனவே எங்கேயோ குடித்திருந்தான். நான் ஊற்றவில்லை. கார் சாவியையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் நடந்து தெருவைக் கடந்து வெர்ன் கடைக்குள் போனான். கரடி சுட வேண்டும் என்று ஏதோ ஜோக் அடித்தானாம். வெர்னும் சிரித்துக்கொண்டே விற்றிருக்கிறான். சாயங்காலம் அதே துப்பாக்கியால் கர்ட் தன்னை முடித்துக்கொண்டான்.

வெர்ன் தப்பு செய்தான் என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு ஒரு சட்டம் இருந்தது, அவனுக்கு இல்லை, அவ்வளவுதான் சொல்கிறேன். அவன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. என்னவோ போ.

பிப்ரவரி 12, புதன்

போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். கர்ட் பெயரையோ வெர்ன் கடையின் பெயரையோ சொல்லவில்லை. கதையை மட்டும் சொன்னேன்.

குழுத் தலைவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "அம்மா, அன்னிக்கு நீங்க உங்க நல்ல புத்தியால ஊத்தாம இருந்தீங்க. அதே நல்ல புத்தியைத் துப்பாக்கிக் கடைக்காரங்ககிட்டயும் எதிர்பார்க்கலாமே, சட்டம் எதுக்கு?"

நன்றி என்று சொல்லித் தொலைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பதில் காருக்கு வந்த பிறகு வந்தது. எங்கேய்யா நல்ல புத்தி? டிசம்பரில் வியாபாரமே இல்லை. சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேன். லைசன்ஸ் போய்விடுமே என்கிற பயத்தில் கையை மடக்கிக்கொண்டேன். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். காரிலேயே உட்கார்ந்து ஸ்டீயரிங்கிடம் சத்தமாகச் சொன்னேன். அசதியாக இருக்கிறது.

பிப்ரவரி 14

நான் பேசியது வெர்னுக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 4

மசோதா குழுவிலேயே செத்தது. ஓட்டுக்குக்கூட விடவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், தூக்கம்தான் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

டீனா வந்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். குடிக்க எதுவும் கேட்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசினாள்.

"வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் உங்கண்ணன் கடைக்குத் துப்பாக்கி வாங்கப் போயிருக்கார். பால் பண்ணையை வித்ததுல இருந்தே அவர் சரியில்ல. பேரைச் சரிபார்க்கிற போன் லைன் கிடைக்கல, திங்கக்கிழமை வான்னு உங்கண்ணன் அனுப்பிட்டாராம். அன்னிக்கு ராத்திரி என்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதார். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கார், பேசறார். உங்கண்ணன் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க சொல்லிடுங்க."

அவள் போன பிறகு வெர்னைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான். டீனா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சட்டம் கிட்டம்னு ஆரம்பிக்காதே, ஜோனி" என்றான்.

"ஆரம்பிக்கல. அந்த லைன் சரியாயிடுச்சா?"

அவன் எழுந்து கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றான். "அவன் முகம் சரியில்ல. நான்தான் பொய் சொன்னேன்." அப்புறம், "கர்ட் மூஞ்சியை நான் சரியாப் பாக்கவே இல்ல, ஜோனி."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.