இஸ்திகாராவுக்குப் பதில் வரும்வரை

9 ஜூலை, செவ்வாய்

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது தங்கை சிம்ரா போன் செய்தாள். அத்தா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் இனி அவரை விட்டுவைக்க முடியாது.

"என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. உன்னுது கிரவுண்ட் ஃப்ளோர்க்கா," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

எனக்குப் பதினேழு வயதில் அம்மாவையும் எங்களையும் விட்டு இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டவர். அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் சேர்ந்து வாழ்ந்த அந்தப் பெண்மணியும் போன வருடம் இறந்துவிட்டார்.

10 ஜூலை

முடிவெடுக்க முடியாதபோது அல்லாஹ்விடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழுதேன். அத்தாவை அழைத்து வருவது எனக்கு நல்லதென்றால் மனதை அதன் பக்கம் திருப்பு, இல்லையென்றால் என்னைவிட்டு விலக்கு என்று கேட்டேன். மனம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

13 ஜூலை, சனி

மறுபடியும் தொழுதேன். பதில் கனவிலும் வரும் என்பார்கள்; நான் கனவில் ரங்கநாதன் தெருவில் செருப்பு வாங்கினேன். இதற்கு என்ன அர்த்தம் கண்டுபிடிப்பது?

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "உங்க அத்தா. கூட்டிட்டு வந்தாலும் சரிதான். அப்புறம் என்னைக் கேட்டுத்தான் செஞ்சேன்னு சொல்லாத," என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

15 ஜூலை

சிம்ராவிடம் உண்மையைச் சொன்னேன், பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று.

"ஏங்க்கா, ஃபஜ்ர் தொழலாமா வேணாமான்னு இஸ்திகாரா தொழுவியா நீ?"

எனக்கும் தெரியும். ஃபஜ்ர், அந்த அதிகாலைத் தொழுகை, கடமை; கடமைக்கு இஸ்திகாரா கிடையாது. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்ற காரியங்களில் எது நல்லது என்று கேட்பதற்கானது அது. பெற்றவரைப் பார்த்துக்கொள் என்பது குர்ஆனில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஆனால் நபிமார்களே இறைவனிடம் அறிகுறி கேட்டிருக்கிறார்களே, நம்பாமல் அல்ல, மனம் அமைதியடைய. நான் கேட்பதும் அதுதானா? இல்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல் வந்துவிடாதா என்று பார்க்கிறேன். வழி தெரியாம கேக்கல. தெரிஞ்சுதான் கேக்கறேன். அவருக்குச் சோறு போடும்போது அம்மா நெனப்பு வந்தா என்ன பண்ணுவேன் — அத யாரு சொல்லுவா எனக்கு?

18 ஜூலை

இன்றும் தொழுதேன். வெட்கமாக இருந்தது.

21 ஜூலை, ஞாயிறு

எந்த அறிகுறியும் இல்லை. பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் திருவல்லிக்கேணிக்குப் போனேன். அத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றேன். குரல் கடுப்பாகத்தான் வந்தது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் இஸ்திகாரா தொழுதுகினுதாம்மா கீறேன். ஒன் வூட்டுக்கு வரலாமா, வேணாமான்னு."

"பதில் வந்துச்சா?"

"இல்ல. ஒனக்கு?"

"இல்ல."

வாசலில் நின்றிருந்த பக்கத்து அறைக்காரர், "இன்னா பெரியவரே, ஆட்டோ இட்டாரட்டா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடிக்க அவர் படியிறங்கிப் போனார்.

3 ஆகஸ்ட், சனி

அத்தா என் வீட்டுக்கு வந்து பதின்மூன்று நாள். நேற்று அவருக்கு நகம் வெட்டிவிட்டேன். அம்மாவைப் பற்றி இருவரும் இதுவரை பேசவில்லை. பேசுவோமா என்பதும் தெரியாது.

இன்று அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொழவைத்தார். நான் பின்னால் நின்றேன். முடிந்ததும் கை ஏந்தினேன். கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

அத்தா திரும்பிப் பார்க்காமல், "சக்கர கம்மியா ஒரு டீ," என்றார்.