விசாரணைக்குப் போகும் முன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் மூட்டுவலியையும் ஒழுகுகிற குழாயையும் விட்டால் இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது. உன் தம்பி புதுக் கண்ணாடி வாங்கி இரண்டே நாளில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான், இப்போது நூலால் கட்டி மாட்டிக்கொண்டு வாத்தியார் மாதிரி திரிகிறான். அந்தப் போனில்தான் நீ, இருபதாம் தேதி ஆஸ்பத்திரி விசாரணைக் குழு முன்னால் உட்கார வேண்டும், மருந்தின் அளவைத் தப்பாக எழுதியது நான்தான், அன்று கூட இருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணையும் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன சொல்வதென்றே தெரியவில்லை, "நாலு பக்கமும் சுவர் நெருங்கி வர்ற மாதிரி இருக்கும்மா" என்றாய். நான் தண்ணீர் குடி, மெதுவாக மூச்சை விடு, நன்றாகத் தூங்கு என்று ஏதேதோ சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதெல்லாம் பொய்யில்லை, செய். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன் அல்லவா, ஒருநாள் அவசரத்தில் இரண்டு குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அதனால் ஒரு பெரியவருக்கு வேண்டாத மருந்து போய், பத்து நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். விசாரணைக்கு என்னையும் என் மேசையில் கூட வேலை செய்தவளையும் கூப்பிட்டார்கள். ஆள் உயரம் என்பதால் அவளை நெட்டையக்கா என்போம். வெளியே பெஞ்சில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, நூறு வரை எண்ணினேன். படபடப்பு சுத்தமாக அடங்கிவிட்டது. உள்ளே போய், குரல் கொஞ்சமும் நடுங்காமல், "யாரு ஒட்டினதுன்னு எனக்கு ஞாபகமில்லைங்க" என்றேன். அவள் ஒன்றும் அறியாதவள், கேள்விக்குக் கேள்வி தடுமாறினாள், அழுதாள். அழுதவள்தான் தப்பு செய்தவள் என்று முடிவு கட்டி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் அதே மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன். விடவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. கடைத்தெருவில் உயரமாக யார் வந்தாலும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

நீ போன் செய்த மறுநாள் விசாரித்துக்கொண்டு நெட்டையக்கா வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் இருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ முகம் கழுவிட்டு வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும். என்னைக்காவது நீயே வந்து சொல்லுவேன்னு ரெண்டு வருஷம் பாத்தேன், அப்புறம் விட்டுட்டேன்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டினாலும் கேட்கத்தான் நின்றேன், அவள் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் கண்ணு, பேச்சு தடுமாறினால் தடுமாறட்டும், அழுகை வந்தால் அழு, யாரும் உன்னைத் தின்றுவிட மாட்டார்கள். "நான்தான் எழுதினேன்" என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடு, புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது என்று அப்பா சொல்லச் சொன்னார். அவருக்கு என் விஷயம் தெரியாது. இதை உறையில் போடும் முன் அவரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே, முடிந்ததும் போன் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. அப்பா படித்துவிட்டார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், இன்னும் வரவில்லை. அனுப்பாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அனுப்புகிறேன்.